விடைத்தாளைத் திருத்திய கை படிவத்தையும் திருத்தட்டும்

தேர்வு மதிப்பீட்டாளர்கள் உழைப்பூதியக் கோரிக்கைப் படிவத்தைப் பிழையின்றி நிறைவு செய்ய ஒரு வழிகாட்டி

மைசூரு ஆசிரியர்கள் மிகுந்த நகரம். 1916-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் இங்கே பல்கலைக்கழகம் தோன்றியது. அதற்கு முன் இந்நகரின் மகாராஜா கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. இன்று மானசகங்கோத்ரி வளாகமும் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பற்பல கல்லூரிகளும் பள்ளிகளும் இந்நகரின் பெருமையாய் விளங்குகின்றன. எஸ்.எஸ்.எல்.சி., பியூசி தேர்வுகளும் பல்கலைக்கழகப் பருவத் தேர்வுகளும் முடிந்தவுடன் விடைத்தாள் மதிப்பீட்டுப் பணி தொடங்கிவிடும். நஞ்சன்கூடு, உன்சூர், மண்டியா, சாமராஜநகர் முதலிய ஊர்களிலிருந்தும் ஆசிரியர்கள் முகாம்களுக்கு வந்து கட்டுக்கட்டாக விடைத்தாள்களைத் திருத்திச் செல்வர்.

அப்பணி முடியும் நாளில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு படிவம் தரப்படும். இங்குள்ள கன்னடப் படிவங்களில் அத்தொகை ‘சம்பாவனெ’ என்று குறிக்கப்படும். பண்டைக் காலத்தில் புலவர்க்கும் பண்டிதர்க்கும் வழங்கிய அன்பளிப்பைச் சம்பாவனை என்றே தமிழிலும் வழங்கியிருக்கிறோம். தமிழகத்துத் தேர்வுத்துறை அதனை உழைப்பூதியம் என்கிறது. இக்கட்டுரையில் நாமும் அச்சொல்லையே ஆள்கிறோம்.

பல நாள் கண் வலிக்கத் திருத்திய ஆசிரியர், ஊருக்குப் பேருந்து பிடிக்கும் அவசரத்தில் அப்படிவத்தை ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுகிறார். சில மாதங்கள் கழித்து, தொகை வரவில்லையே என்று வங்கியின் வாயிலில் வந்து நிற்கிறார். ஆசிரியர்கள் பலர் கணக்கு வைத்துள்ள எம் கிளையில் ஆண்டுதோறும் இதனைக் காண்கிறோம். அவர்களுள் பெரும்பாலோருக்குப் பணம் மறுக்கப்பட்டிருப்பதில்லை. படிவத்தில் எழுதிய ஓர் இலக்கமோ ஓர் எழுத்தோ பணத்தை வழியில் நிறுத்தியிருக்கும்.

நிலையான பணியில் உள்ளவர்க்கு இத்தாமதம் ஒரு மனக்குறை; அவ்வளவே. ஆனால் தமிழகத்தில் கௌரவ விரிவுரையாளர் என்றும் இங்கே அதிதி உபன்யாசகர் என்றும் அழைக்கப்படுவோரின் நிலை வேறு. வகுப்புகள் இல்லாத மாதங்களில் அவர்களுள் பலருக்கு வேறு வருவாய் இல்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் செலுத்த வேண்டிய மாதத்தில் அவர்கள் நம்பியிருப்பது இந்த உழைப்பூதியத்தைத்தான். ஆகவே படிவத்தை எழுதும் முறையைச் சற்று விரிவாகவே காண்போம்.

பணம் நடந்து வரும் வழி

மதிப்பீட்டாளர் எழுதிய படிவம் முதலில் முகாம் அலுவலரிடம் செல்கிறது. அவர் திருத்திய விடைத்தாள்களின் எண்ணிக்கையைத் தம் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சான்றளிக்கிறார். அடுத்துத் தேர்வுப் பிரிவு விகிதங்களைச் சரிபார்க்கிறது. நிதிப் பிரிவு தணிக்கை செய்து பட்டியலை ஏற்கிறது. அதன்பின் நூற்றுக்கணக்கான மதிப்பீட்டாளர்களின் விவரங்கள் ஒரே கணினிக் கோப்பாகத் தொகுக்கப்பட்டு வங்கிக்கோ கருவூலத்துக்கோ அனுப்பப்படுகின்றன. கர்நாடக அரசின் கருவூலங்கள் ‘கஜானெ–2’ என்னும் கணினி முறையில் இயங்குகின்றன.

இவ்வழியில் முதற்பாதி வரை படிவத்தைப் படிப்பவர் மனிதர். ‘இவர் எழுதக் கருதியது இதுவே’ என்று அவர் ஊகிக்கக்கூடும். ஐயமிருந்தால் தொலைபேசியில் அழைத்தும் கேட்கக்கூடும். பிற்பாதியில் படிப்பது கணினி. எழுதியதை எழுதியவாறே ஏற்கும், இல்லையேல் தள்ளிவிடும். ஆகவே படிவத்தின் முதற்பகுதி மனிதரை நிறைவுறச் செய்ய வேண்டும். வங்கி விவரப் பகுதி கணினியை நிறைவுறச் செய்ய வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிக் கவனம் தேவை.

எண்ணிக்கையும் கூட்டலும்

விடைத்தாளின் உள்ளே இட்ட மதிப்பெண்களும் முகப்பில் எழுதிய மொத்தமும் பொருந்த வேண்டும் என்பது மதிப்பீட்டுப் பணியின் முதல் விதி. கோரிக்கைப் படிவத்துக்கும் அதே விதி பொருந்தும். நாள்தோறும் திருத்திய தாள்களின் எண்ணிக்கையும் இறுதி மொத்தமும், மொத்தமும் முகாம் பதிவேடும் ஒத்திருத்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். விகிதங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம், ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் இங்கே கொண்டவை விளக்கத்துக்கு மட்டுமே. ஓர் ஆசிரியர் ஆறு நாட்களில் முறையே 36, 40, 40, 38, 40, 26 தாள்களைத் திருத்தினார் எனக் கொள்வோம். மொத்தம் 220. தாள் ஒன்றுக்கு ரூ. 20 எனில் உழைப்பூதியம் ரூ. 4,400. நாட்படி நாளொன்றுக்கு ரூ. 300 வீதம் ரூ. 1,800. பயணப்படி ரூ. 330. ஆக மொத்தம் ரூ. 6,530.

இவர் நான்காம் நாளுக்கும் 40 என்று நினைவிலிருந்து எழுதினால் எண்ணிக்கை 222 ஆகிவிடும். வேறுபாடு நாற்பது ரூபாய்தான். ஆயினும் முகாம் பதிவேட்டில் 220 என்றிருக்கத் தணிக்கை செய்பவர் அப்பட்டியலை ஏற்க இயலாது. ஆட்சேபக் குறிப்போடு படிவம் திரும்பும். நாற்பது ரூபாய்ப் பிழைக்காக ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தொகை காத்துக் கிடக்கும். எண்ணிக்கையை நாள்தோறும் மாலையில் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி, கட்டு எண்ணையும் அருகில் குறித்துவைப்பதே இதற்குத் தீர்வு. கடைசி நாளில் நினைவைத் துருவ வேண்டியிராது.

மேற்பார்வைப் பொறுப்பு ஏற்றவர்க்கும் தாள் திருத்துபவர்க்கும் விகிதம் வேறாக இருக்கலாம். செய்முறைத் தேர்வு, வினாத்தாள் அமைத்தல், மறுமதிப்பீடு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் படிவங்கள் இருப்பதும் உண்டு. ஒரு படிவத்தில் ஒரு பணியை மட்டும் கோருக. நியமன ஆணையில் எப்பொறுப்பு குறிக்கப்பட்டுள்ளதோ அதையே படிவத்திலும் எழுதுக. ஆணையின் எண்ணும் நாளும் கேட்கப்பட்டிருந்தால் அவ்விடத்தை வெறுமையாக விடலாகாது.

தொகையை எழுத்தாலும் எழுத வேண்டும். ‘ரூபாய் ஆறாயிரத்து ஐந்நூற்று முப்பது மட்டும்’ என்று முடிக்கவேண்டும். எண்ணும் எழுத்தும் மாறுபட்டால் படிவம் நிற்கும். பயன்படாத வரிசைகளின் குறுக்கே கோடிட்டுவிடுக. திருத்தம் செய்ய நேர்ந்தால் பிழையை ஒரே கோட்டால் அடித்து, சரியானதை மேலே எழுதி, அருகில் சுருக்கொப்பம் இடுக. எழுத்தின் மேல் எழுத்து எழுதுவதும் வெண்மை தடவி மறைப்பதும் கூடா. விடைத்தாளில் மதிப்பெண்ணைத் திருத்தும்போது நீங்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்குதான் இது.

கன்னடப் படிவங்களை நிறைவு செய்யும் அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. படிவம் கன்னடத்தில் இருந்தாலும் எண்களை 1, 2, 3 என்னும் உருக்களிலேயே எழுதுக. கன்னட எண்ணுருக்களுள் ஒன்றைக் குறிப்பது முழுதும் மூடாத வட்டம் போன்றது. விரைவாக எழுதினால் அது சுழியத்தோடு மயங்கும்.

பயணப்படியும் நாட்படியும்

பெரும்பாலான ஆட்சேபங்கள் எழும் பகுதி இது. புறப்பட்ட நாள், நேரம், சேர்ந்த நாள், நேரம், தொலைவு, பயணத்தின் வகை என்று பல கட்டங்கள் இருக்கும். புறப்பட்ட இடமாக நீங்கள் பணியாற்றும் ஊரை எழுத வேண்டுமா, குடியிருக்கும் ஊரை எழுத வேண்டுமா என்பதை முகாமின் அறிவுறுத்தலிலிருந்து தெரிந்துகொள்க. உள்ளூர் மதிப்பீட்டாளர்க்கும் வெளியூர் மதிப்பீட்டாளர்க்கும் படிகள் வேறுபடுவதால் இந்த ஒரு கட்டமே தொகையை மாற்றிவிடும்.

பயணச்சீட்டுகளை இணைக்கச் சொன்னால் இணைக்க. சொல்லாவிட்டாலும் தொகை கையில் வரும்வரை பாதுகாக்க. பேருந்துச் சீட்டின் அச்சு சில வாரங்களில் மங்கிவிடும். ஆதலால் அன்றே கைப்பேசியில் படம் எடுத்துவைப்பது நன்று.

கர்நாடகத்தில் 2023-ஆம் ஆண்டு ஜூன் 11 முதல் ‘சக்தி’ திட்டத்தின்கீழ் மாநிலப் பெண்கள் அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்கின்றனர். அவர்களுக்குத் தரப்படுவது சுழியக் கட்டணச் சீட்டு. செலவிடாத கட்டணத்தைச் செலவிட்டதாக எழுதுதல் முறையன்று. எந்தப் படிக்குத் தமக்கு உரிமை உண்டு என்பதை ஆசிரியைகள் முகாம் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, அதன்படி எழுதுவதே பாதுகாப்பு.

வருகைச் சான்றிதழையும் விடுவிப்புச் சான்றையும் வாங்காமல் முகாமை விட்டுப் புறப்பட வேண்டா. நாட்படிக்கு அவை ஆதாரம். தாய்ப்பள்ளியிலோ கல்லூரியிலோ உங்கள் பணிநாட்களைப் பதிவு செய்யவும் அவையே ஆதாரம். ஒரே நாளுக்கு இரு முகாம்களில் படி கோரியதாகப் பின்னர்த் தெரியவந்தால் அது விளக்கம் கேட்கும் அளவுக்குச் செல்லும்.

பெயர்: முதலெழுத்து தரும் தொல்லை

பெயரை எழுதுவதில் என்ன பிழை வரும் என்று தோன்றலாம். தென்னாட்டுப் பெயர்களில் வரும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, முதலெழுத்து உண்டு. தமிழகத்தில் அது பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிக்கும். மைசூருப் பகுதியில் ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் சேர்ந்தே முதலெழுத்துகளாக நிற்பது வழக்கம். மைசூருப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய கவிஞர் குவெம்புவின் பெயர் கே.வி. புட்டப்பா. குப்பளி என்பது ஊர். வெங்கடப்பா என்பது தந்தை. இந்நகரில் பல்லாண்டு வாழ்ந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயணின் பெயரிலும் இராசிபுரம் என்னும் தமிழக ஊரும் கிருஷ்ணசாமி என்னும் தந்தை பெயரும் ஒளிந்திருக்கின்றன.

இலக்கியத்தில் இது அழகு. படிவத்திலோ இது சிக்கல். பான் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது கடைசிப் பெயரை முதலெழுத்தாகச் சுருக்க இயலாது. ஆகவே அங்கே தந்தை பெயர் முழுமையாக விரிந்து பின்னால் நிற்கும். வங்கிக் கணக்கிலோ பழைய வழக்கப்படி முதலெழுத்து முன்னால் நிற்கும். ஆதார் அட்டையில் மூன்றாவது வடிவம் இருக்கும். பணி நியமன ஆணையில் நான்காவது. நான்கும் ஒருவரே என்பது உங்களுக்குத் தெரியும். பட்டியலைச் சரிபார்க்கும் எழுத்தருக்குத் தெரியாது.

படிவத்தின் வங்கி விவரப் பகுதியில் உங்கள் பெயரை வங்கிக் கையேட்டின் முதற்பக்கத்தில் அச்சிட்டுள்ளவாறே எழுதுக. பான் எண்ணுக்கு எதிரே பெயர் கேட்கப்பட்டால் பான் அட்டையில் உள்ளவாறு எழுதுக. நிலையான தீர்வு, வங்கிக் கணக்கில் உள்ள பெயரைப் பான், ஆதார் ஆகியவற்றோடு ஒத்திசையச் செய்வதே. அதற்கு உரிய சான்றுகளோடு கிளைக்கு ஒருமுறை வந்தால் போதும். திருமணத்துக்குப் பின் பெயர் மாறிய ஆசிரியைகள் இதனைத் தள்ளிப்போடாதிருக்க வேண்டுகிறோம்.

கணக்கு எண்: பெயரல்ல, எண்ணே பேசும்

பலரும் அறியாத உண்மை ஒன்று உண்டு. மின்னணு முறையில் ஒரு கணக்குக்குப் பணம் அனுப்பும்போது, வரவு வைப்பது கணக்கு எண்ணை மட்டுமே கொண்டு நடைபெறும். இந்திய ரிசர்வ் வங்கி 2010-ஆம் ஆண்டிலேயே இதனைத் தெளிவுபடுத்தி, சரியான எண்ணைத் தரும் பொறுப்பு அனுப்புபவருடையது என்று கூறிவிட்டது. எண் தவறாயின் இரண்டில் ஒன்று நிகழும். அவ்வெண்ணில் கணக்கே இல்லையெனில் தொகை அனுப்பிய இடத்துக்குத் திரும்பும். அவ்வெண்ணில் வேறொருவர் கணக்கு இருந்தாலோ பணம் அவருக்குச் சென்றுவிடும். அவர் இசைவு இல்லாமல் வங்கி அதனைத் திரும்ப எடுக்க இயலாது.

பணம் அனுப்புவதற்கு முன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் ஏற்படுத்துமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்தது. தனியொருவர் அனுப்பும்போது அது பெருந்துணை. ஆனால் நூற்றுக்கணக்கான பெயர்களை ஒரே கோப்பில் அனுப்பும் அலுவலகம் ஒவ்வொரு பெயரையும் பார்த்துத்தான் அனுப்பும் என்று எண்ணி இருந்துவிடலாகாது.

எனவே கணக்கு எண்ணை நினைவிலிருந்து எழுத வேண்டா. கையேட்டைப் பார்த்து எழுதி, பின்னர் வலமிருந்து இடமாக ஒருமுறை படித்துச் சரிபார்க்கவும். இடமிருந்து வலமாகப் படிக்கும்போது பழக்கத்தால் கண் பிழையைத் தாண்டிவிடும். அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறியிருப்பது தலைகீழாகப் படிக்கும்போதுதான் புலப்படும். எண்ணின் தொடக்கத்தில் சுழியங்கள் இருந்தால் அவற்றையும் எழுதுக. 1-ஐயும் 7-ஐயும், 0-வையும் 6-ஐயும் தெளிவாகப் பிரித்து எழுதுக. வாடிக்கையாளர் அடையாள எண் வேறு, கணக்கு எண் வேறு. இரண்டும் கையேட்டின் ஒரே பக்கத்தில் இருப்பதால் மாற்றி எழுதுவோர் உண்டு.

உங்கள் சொந்தக் கணக்கையே தருக. கணவர் அல்லது மனைவியின் கணக்கைத் தந்தால் பட்டியலிலுள்ள பெயரோடு அது பொருந்தாது. வரிக் கணக்கிலும் குழப்பம் வரும். முன்னொரு காலத்தில் தேர்வுப் பணிக்கென்றே தொடங்கிப் பின்னர் மறந்துபோன கணக்கைத் தருவதும் நன்றன்று. இரண்டாண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் எவ்விதப் பரிமாற்றமும் செய்யாத கணக்கு செயலற்றதாக வகைப்படுத்தப்படும். அதில் பணம் வந்து சேர்ந்தாலும் அடையாளச் சான்றுகளைப் புதுப்பிக்கும்வரை எடுக்க இயலாது.

இணைந்த வங்கிகளும் இறந்த குறியீடுகளும்

கணக்கு எண்ணுக்கு அடுத்த கட்டம் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு. இதில் பதினோர் இடங்கள் உண்டு. முதல் நான்கு எழுத்துகள் வங்கியைக் குறிக்கும். ஐந்தாவது இடத்தில் எப்போதும் சுழியம். கடைசி ஆறும் கிளையைக் குறிக்கும். ஐந்தாவது இடத்தில் ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்தை எழுதுவது மிகப் பரவலான பிழை. காசோலையின் அடியில் காணும் ஒன்பது இலக்க எம்.ஐ.சி.ஆர். எண்ணை இக்கட்டத்தில் எழுதுவது மற்றொன்று. மைசூருக் கிளைகளின் எம்.ஐ.சி.ஆர். எண் இந்நகர அஞ்சல் குறியீட்டைப் போலவே 570 என்று தொடங்கும். அதனைக் கொண்டு எளிதில் அடையாளம் காணலாம்.

ஆனால் கருநாடகத்து ஆசிரியர்களைக் கடந்த சில ஆண்டுகளில் மிகுதியும் அலைக்கழித்தது வங்கிகளின் இணைப்பு. திவான் விசுவேசுவரையாவின் முயற்சியால் 1913-இல் தோன்றிய மைசூர் வங்கி, பின்னர் ஸ்டேட் பாங்க் ஆஃப் மைசூர் எனப் பெயர் பெற்று, 2017 ஏப்ரல் 1-ஆம் நாள் பாரத ஸ்டேட் வங்கியில் கலந்தது. விஜயா வங்கி 2019 ஏப்ரல் 1-இல் பாங்க் ஆஃப் பரோடாவோடு இணைந்தது. 2020 ஏப்ரல் 1-இல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், கார்ப்பரேஷன் வங்கி யூனியன் வங்கியோடும் இணைந்தன. இந்நான்கும் கருநாடக மண்ணில் தோன்றி ஊர்தோறும் கிளை விட்டவை. ஆசிரியர் குடும்பங்களின் முதற்கணக்கு பெரும்பாலும் இவற்றுள் ஒன்றில்தான் இருக்கும்.

இணைப்புக்குப் பின் பழைய குறியீடுகள் சிறிது காலம் செல்லுபடியாயின, பின்னர் நிறுத்தப்பட்டன. எடுத்துக்காட்டாக, சிண்டிகேட் வங்கியின் பழைய குறியீடுகள் 2021 ஜூலை 1 முதல் செல்லாதவையாயின. ஆனால் வீட்டுப் பேழையில் பழைய கையேடு இருக்கிறது; பழைய காசோலை இருக்கிறது; சென்ற ஆண்டுப் படிவத்தின் நகலும் இருக்கிறது. அவற்றைப் பார்த்து எழுதினால் இல்லாத கிளைக்கு முகவரி எழுதியதாக முடியும்.

எம்மிடம் வந்த ஓர் அதிதி உபன்யாசகரின் நேர்வு இதற்குச் சான்று. அவர் மூன்று பருவங்கள் தொடர்ந்து தாள் திருத்தியிருந்தார். ஒருமுறையும் தொகை வந்து சேரவில்லை. அலுவலகத்தில் கேட்டபோது அனுப்பிவிட்டோம் என்றனர். அதுவும் உண்மையே. அவர் ஒவ்வொரு முறையும் முதற்படிவத்தின் நகலைப் பார்த்தே எழுதியதால், இணைந்துபோன வங்கியின் குறியீடும் ஒவ்வொரு முறையும் அப்படியே சென்றது. மூன்று முறையும் பணம் புறப்பட்டு, மூன்று முறையும் அனுப்பிய கணக்குக்கே திரும்பியிருந்தது. திரும்பிய செய்தி அவரை எட்டவில்லை. புதிய குறியீட்டையும் ரத்து செய்த காசோலையையும் இணைத்து எழுதிக் கொடுத்தபின் மூன்று தொகைகளும் வந்து சேர்ந்தன. அதுவரை ஒன்றரை ஆண்டுகள் அவர் தம் வீட்டுச் செலவுக்குக் கடன் வாங்கியிருந்தார்.

புதிய கையேட்டையோ புதிய காசோலைப் புத்தகத்தையோ இதுவரை பெறாதவர்கள் இன்றே பெற்றுக்கொள்க. குறியீடு ஐயமாயின் கிளையில் கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலும் கிளைவாரியாக அதனைக் காணலாம். நகரின் பெயர் 2014 நவம்பர் 1 முதல் மைசூரு என மாறியதால் கிளைப் பெயரை மைசூர் என எழுதலாமா என்று சிலர் கேட்பதுண்டு. பணம் சேருமிடத்தை முடிவு செய்வது குறியீடே. ஊர்ப்பெயரின் எழுத்து வேறுபாட்டால் பணம் நிற்காது.

பான் எண்ணும் வரியும்

பான் எண் பத்து இடங்கள் கொண்டது: ஐந்து எழுத்துகள், நான்கு இலக்கங்கள், ஓர் எழுத்து. தனிமனிதர்க்கு நான்காவது எழுத்து ‘பி’ ஆக இருக்கும். நீங்கள் எழுதிய எண்ணில் அவ்வாறு இல்லையெனில் எங்கோ பிழை என்று அறிக.

உழைப்பூதியத்தைத் தொழில்சார் கட்டணமாகக் கொண்டு வரி பிடிக்கும் நிறுவனங்கள், தொகை உரிய வரம்பைத் தாண்டினால் பொதுவாகப் பத்து விழுக்காடு பிடிக்கும். வரி பிடிக்க வேண்டிய நிலையில் பான் எண் தராதவர்க்கோ தவறான எண் தந்தவர்க்கோ இருபது விழுக்காடு வரை பிடிக்கலாம். ஆதாருடன் இணைக்கப்படாமல் செயலிழந்த பான் எண்ணும் இவ்வகையில் சேரும். வேறொருவரின் பான் எண்ணாக முடியும்படி ஓர் எழுத்தை மாற்றி எழுதினால், உங்களிடம் பிடித்த வரி அவர் கணக்கில் ஏறும். அதனைத் திருத்த, பிடித்த நிறுவனம் தன் வரி அறிக்கையையே மாற்றித் தாக்கல் செய்ய வேண்டும்.

வரி பிடிக்கப்படவில்லை என்பதால் வருமானம் இல்லை என்று ஆகாது. தம் பணியமர்த்துநர் அல்லாத நிறுவனத்திடமிருந்து பெறும் உழைப்பூதியம், பொதுவாகப் பிற வழிகளில் வந்த வருமானமாக ஆண்டறிக்கையில் காட்டப்பட வேண்டியது. வரி பிடித்திருந்தால் ஏ.ஐ.எஸ். எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் அது தென்படும். மொத்த வருமானம் வரி வரம்புக்குக் கீழ் உள்ளவர்கள் அறிக்கை தாக்கல் செய்து பிடித்த தொகையைத் திரும்பப் பெறலாம். குறைந்த ஊதியம் பெறும் ஆசிரியர்கள் இதனைக் கைவிடுவது வருந்தத்தக்கது.

ஒப்பமும் முத்திரை வில்லையும்

படிவத்தின் அடியில் முன்பற்றுச்சீட்டு இருக்கும். பெறும் தொகை ரூ. 5,000-க்கு மேற்பட்டால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்பத்தின் ஒரு பகுதி வில்லையின் மேலும் மறுபகுதி தாளின் மேலும் விழுமாறு இட வேண்டும். முகாமின் கடைசி நாளில் வில்லைக்காக ஊரெல்லாம் அலைவதைத் தவிர்க்க, அஞ்சலகத்தில் முன்பே சில வாங்கி வைத்துக்கொள்க. ஒப்பம் எல்லா இடங்களிலும் ஒரே வடிவில் அமைக.

படிவத்தைக் கொடுக்குமுன் அதனை முழுமையாகப் படம் எடுத்துக்கொள்க. கொடுத்த நாளையும் பெற்றவர் பொறுப்பையும் குறித்துவைக்க. ஆனால் அப்படத்தை வாட்ஸ்அப் குழுவில் பகிர வேண்டா. எல்லோர் கணக்கு எண்ணும் பான் எண்ணும் கொண்ட பொதுத்தாளைப் படமெடுத்துச் சுற்றுக்கு விடுவது மோசடி செய்வோருக்குக் கதவைத் திறப்பதாகும். ‘உங்கள் திருத்தல் பணித்தொகை நிலுவையில் உள்ளது, கடவெண்ணைச் சொல்லுங்கள்’ என்று எவரேனும் அழைத்தால் தொடர்பைத் துண்டித்துவிடுக. பணம் பெறுவதற்கு ஓ.டி.பி. தேவையில்லை. ஏமாற்றப்பட்டால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்கு அழைக்க.

தொகை வராவிடில்

முதலில் கேட்க வேண்டிய இடம் வங்கி அன்று. படிவம் கொடுத்த அலுவலகம். பட்டியல் ஏற்கப்பட்டதா என்று கேளுங்கள். ஏற்கப்பட்டது எனில், பணம் அனுப்பிய நாளையும் யு.டி.ஆர். எனப்படும் பரிமாற்ற எண்ணையும் கேட்டுப் பெறுக. அவ்வெண் இருந்தால் பணம் எங்கே சென்றது என்பதை வங்கியில் கண்டறிய இயலும். அது இல்லாமல் நாங்கள் தேடுவது, பதிவெண் இல்லாத விடைத்தாளின் உரியவரைத் தேடுவது போன்றதே.

நெஃப்ட் முறையில் வரவு வைக்க இயலாத தொகை சில மணி நேரத்துக்குள் அனுப்பிய வங்கிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது விதி. அவ்வாறு திரும்பிய தொகை அலுவலகத்தின் கணக்கில் இருக்கும். ஆனால் எழுத்து மூலம் கேட்காமல் அது தானாக மீண்டும் புறப்படாது. சரியான விவரங்களோடு ரத்து செய்த காசோலையையோ கையேட்டின் முதற்பக்க நகலையோ இணைத்து விண்ணப்பம் தருக. தொகை வேறொருவர் கணக்குக்குச் சென்றிருந்தால் அனுப்பிய அலுவலகமே தன் வங்கிக்கு எழுத வேண்டும். அதை உடனே செய்யும்படி வேண்டுக. பொது நிறுவனம் நெடுநாள் விடை தராவிடில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தம் பட்டியலின் நிலையைக் கேட்கலாம். அதற்குப் பொதுவாக முப்பது நாட்களுக்குள் விடை தர வேண்டும்.

ஒப்பமிடுமுன் பார்க்க வேண்டியவை

1. தாள்களின் எண்ணிக்கை நாள்வாரியாகவும் மொத்தமாகவும் முகாம் பதிவேட்டோடு ஒத்துள்ளதா?
2. எண்ணால் எழுதிய தொகையும் எழுத்தால் எழுதிய தொகையும் ஒன்றா?
3. பெயர், வங்கிக் கையேட்டில் உள்ளவாறே உள்ளதா?
4. கணக்கு எண்ணை வலமிருந்து இடமாகப் படித்துப் பார்த்தாயிற்றா?
5. ஐ.எஃப்.எஸ்.சி. பதினோர் இடங்கள் கொண்டதா? ஐந்தாவது சுழியமா? வங்கி இணைப்புக்குப் பிந்திய குறியீடா?
6. பான் எண் பத்து இடங்கள் கொண்டதா? ஆதாருடன் இணைந்ததா?
7. வருகைச் சான்றிதழ், பயணச்சீட்டுகள், ரத்து செய்த காசோலை இணைக்கப்பட்டனவா?
8. முத்திரை வில்லையும் ஒப்பமும் உரிய இடத்தில் உள்ளனவா?
9. படிவத்தின் நகல் உங்களிடம் உள்ளதா?

மாணவர் ஒருவரின் அரை மதிப்பெண் விடுபட்டுவிடக் கூடாதே என்று ஒரு தாளை இருமுறை புரட்டிப் பார்க்கும் பொறுமை ஆசிரியர்களிடம் இருக்கிறது. அப்பொறுமையில் பத்து நிமிடத்தைத் தம் படிவத்துக்கும் அவர்கள் ஒதுக்க வேண்டும். முகாமுக்குப் புறப்படுமுன் கையேட்டையும் பான் அட்டையையும் எடுத்துக்கொண்டு எந்தக் கிளைக்கு வந்தாலும், பெயரும் எண்ணும் குறியீடும் சரியா என்று பார்த்துச் சொல்ல எம் அலுவலர்கள் காத்திருக்கிறார்கள்.